பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு செல்லை வரைவது எப்படி

அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன். எங்கள் ஆய்வகச் சுவரில் ஒரு படம் தொங்குகிறது. முதல் கட்டத்தில் வைரஸ், அடுத்ததில் பாக்டீரியா, அதற்கடுத்ததில் விலங்கு செல். மூன்று கட்டமும் ஒரே அளவு, உள்ளே இருக்கிற மூன்று உருவமும் ஒரே அளவு. இந்த மாதிரிப் படம்தான் பாடப்புத்தகத்திலும் வழிகாட்டி நூல்களிலும் கைபேசியிலும் திரும்பத் திரும்ப வருகிறது. இதைப் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு வைரஸ் 100 நானோமீட்டர், பாக்டீரியா 2 மைக்ரான் என்ற எண்கள் தேர்வு வரைக்கும் நினைவில் இருக்கும். எது எதற்குள் போகும், எது எதைத் தாங்கும், எது மைக்ராஸ்கோப்பில் தெரியும் என்று கேட்டால் பதில் வராது. அளவு தெரிந்தால்தான் அந்தக் கேள்விகளுக்குப் பதில் தானாக வரும். அதற்கு நான் செய்கிற முறையை இங்கே எழுதுகிறேன். ஒரு மைதானம், ஒரு அளவு டேப், கொஞ்சம் கோலமாவு போதும்.

முதலில் அளவுகோலை முடிவு செய்துகொள்ளுங்கள். நான் எடுப்பது இது: ஒரு மைக்ரான் என்றால் தரையில் ஒரு மீட்டர். ஆயிரம் நானோமீட்டர் சேர்ந்தது ஒரு மைக்ரான், ஆயிரம் மைக்ரான் சேர்ந்தது ஒரு மில்லிமீட்டர். ஆகவே நானோமீட்டர் ஒவ்வொன்றும் தரையில் ஒரு மில்லிமீட்டர் ஆகிறது. நிஜத்தில் இருக்கிற மில்லிமீட்டர் ஒரு கிலோமீட்டர் ஆகிறது. எல்லாம் சரியாகப் பத்து லட்சம் மடங்கு. இதில் பெரிய வசதி என்னவென்றால் கணக்கே போட வேண்டாம். ஏழரை மைக்ரான் என்று படித்தால் ஏழரை மீட்டர் அளக்க வேண்டியது. முப்பது நானோமீட்டர் என்றால் முப்பது மில்லிமீட்டர். எண் மாறுவதில்லை, அலகு மட்டும் மாறுகிறது. நடுவில் அளவுகோலை மாற்றவே கூடாது. "இது ரொம்பச் சின்னதாக இருக்கிறதே, கொஞ்சம் பெரிதாக வரைவோமே" என்று ஒரு இடத்தில் இளகினால் சுவர்ப்படத்தின் குறை தரைக்கும் வந்துவிடும்.

சாமான்கள்: பி.டி. சாரிடம் இருக்கிற முப்பது மீட்டர் டேப், ஒரு முளைக்குச்சி, கயிறு, கோலமாவு, பழைய அட்டைப்பெட்டி, கத்தரிக்கோல். நைலான் கயிறு இழுத்தால் நீளும், அதனால் வட்டம் போட வேறு கயிறு எடுங்கள். சுண்ணாம்புத் தூள் வேண்டாம், கண்ணில் பட்டால் எரியும். காலை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவது நல்லது. எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து சாரல் காற்று அடிக்கும்; மாவு ஒரு நிமிடம் நிற்காது. தை, மாசிதான் இதற்குத் தோதான மாதம்.

சிவப்பணுவில் தொடங்குங்கள். இரத்தத்தில் மிதக்கிற சிவப்பணுவின் குறுக்களவு சுமார் ஏழரை மைக்ரான். முளையை அடித்து, மூன்றே முக்கால் மீட்டர் கயிறு கட்டி, சுற்றி வந்தால் வட்டம் கிடைக்கும். "எலே, கயித்தைத் தளர விடாதே" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். வரைந்து முடித்ததும் வகுப்பையே உள்ளே நிற்கச் சொல்லுங்கள், நிற்பார்கள். அடுத்து கபடி ஆடுகளத்துக்கு வாருங்கள். ஆண்கள் களம் பதின்மூன்றுக்குப் பத்து மீட்டர். நம் வெள்ளையணுக்களில் மிகுதியாக இருக்கிற நியூட்ரோஃபில் பன்னிரண்டிலிருந்து பதினைந்து மைக்ரான் இருக்கும். அதன் வட்டத்தைக் களத்தின் நடுவிலிருந்து போட்டால் பக்கவாட்டுக் கோடுகளைத் தாண்டிப் பிதுங்கும். கிருமியைத் துரத்தி விழுங்குகிற செல் இது என்று இப்போது சொல்லுங்கள், ஏனென்றால் அடுத்து வருவது கிருமி.

ஈ.கோலை பாக்டீரியா இரண்டு மீட்டர் நீளம், முக்கால் முதல் ஒரு மீட்டர் அகலம். பக்கத்திலேயே காசநோய்க் கிருமியை வரையுங்கள்: மூன்று மீட்டர் நீளம், முப்பது நாற்பது சென்டிமீட்டர் அகலம், மெலிந்த கம்பு. சீழ்க்கட்டியில் இருக்கிற ஸ்டஃபைலோகாக்கஸ் ஒரு மீட்டர் உருண்டை. ஒன்று மட்டும் வரையாமல் கொத்தாக வரையுங்கள், அது அப்படித்தான் இருக்கும். தயிரில் இருக்கிற குச்சி பாக்டீரியா ஐந்தாறு மீட்டர் வரை நீளும். இந்த இடத்தில் ஒரு பிள்ளை ஒரு ஈ.கோலைக்குள் கைகால் நீட்டிப் படுத்துக்கொள்ளலாம். செய்யச் சொல்லுங்கள், மறக்காது.

இப்போது வைரஸ். இதை மாவில் வரைய முடியாது. அட்டையில்தான் வெட்ட வேண்டும். கொரோனா வைரஸ் பத்து சென்டிமீட்டர் வட்டம். டெங்கு வைரஸ் ஐந்து சென்டிமீட்டர். போலியோ மூன்று சென்டிமீட்டர். வெறிநாய்க்கடி வைரஸ் துப்பாக்கிக் குண்டு வடிவத்தில் பதினெட்டு சென்டிமீட்டர் நீளம், ஏழரை சென்டிமீட்டர் அகலம். பெரியம்மை வைரஸ் செங்கல் வடிவம், முப்பது சென்டிமீட்டரை ஒட்டி வரும். வெட்டியதை அந்தந்த இடத்தில் வையுங்கள்: டெங்கு, கொரோனா எல்லாம் செல்லின் ஓரத்தில். பிறகு மைதானத்தின் மறுகோடிக்குப் போய் நின்று திரும்பிப் பாருங்கள். கபடிக் களத்து வெள்ளையணு தெரியும், பாக்டீரியா தெரியும், அட்டை தெரியாது.

எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் வாழை வைத்திருக்கிற வீடுகளிலிருந்து வருகிறவர்கள். அவர்களுக்காகவே ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். முடிக்கொத்து நோய் வந்த வாழையைப் பார்த்திருப்பார்கள்: இலைகள் குட்டையாகி, நிமிர்ந்து, உச்சியில் நெருங்கி நிற்கும், தார் விடாது. அதைக் கொண்டுவருகிற வைரஸ் பதினெட்டு, இருபது நானோமீட்டர்தான். தரையில் இரண்டு சென்டிமீட்டர். அதைச் சுமந்து வருகிற வாழை அசுவினி நிஜத்தில் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர், ஆகவே இந்தக் கணக்கில் ஒன்றரைக் கிலோமீட்டர். "டீச்சர், அப்போ அசுவினி நம்ம ஊரையே மூடிரும்" என்றான் ஒருவன். ஆமாம், மூடிவிடும். இரண்டு சென்டிமீட்டர்த் துண்டு ஒன்றரைக் கிலோமீட்டர்ப் பூச்சியில் ஏறி வந்து ஒரு தோட்டத்தைச் சாய்க்கிறது. அந்த மரத்தைக் குணப்படுத்த மருந்து இல்லை. கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும், அசுவினியைக் கட்டுப்படுத்த வேண்டும், நோயில்லாத தோட்டத்துக் கன்றைத்தான் நட வேண்டும்.

செல்லின் பாகங்களுக்கு வருவோம். சிவப்பணு இதற்கு உதவாது. மனிதனின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவும் இல்லை, செல்லுக்கு ஆற்றல் தருகிற மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகளை அடைத்துவைத்திருக்கிற பை அது. ஒவ்வொன்றும் தரைக்கணக்கில் ஐந்தாறு மில்லிமீட்டர். பாகங்களைக் காட்ட ஒரு கல்லீரல் செல்லை எடுங்கள், இருபத்தைந்து மீட்டர். மைதானத்தின் பெரும்பகுதி அதற்கே போய்விடும். உள்ளே உட்கரு ஆறிலிருந்து எட்டு மீட்டர் வட்டம். கிட்டத்தட்ட சிவப்பணு முழுவதும் அந்த உட்கருவுக்குள் அடங்கும். மைட்டோகாண்ட்ரியா அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் அகலம், சில மீட்டர் நீளம். ஒரு கல்லீரல் செல்லில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கும். நாலைந்து வரைந்தால் போதும்.

வரைந்தபின் பிள்ளைகளை அந்த மைட்டோகாண்ட்ரியாவுக்கும் வெளியே இருக்கிற ஈ.கோலைக்கும் இடையில் நடக்கவிடுங்கள். நான் எதுவும் சொல்வதற்கு முன்னாலேயே யாராவது ஒரு பிள்ளை "ரெண்டும் ஒரே சைஸ் டீச்சர்" என்று சொல்லிவிடும். மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி டி.என்.ஏ. இருக்கிறது, அதுவும் பாக்டீரியாவில் இருப்பதுபோல வளையம். புரதம் செய்கிற ரைபோசோமும் தனியாக இருக்கிறது. எப்போதோ ஒரு செல்லுக்குள் புகுந்து தங்கிவிட்ட பாக்டீரியாவின் வழித்தோன்றல்தான் மைட்டோகாண்ட்ரியா என்று அமெரிக்க உயிரியலாளர் லின் மார்குலிஸ் 1967இல் எழுதினார். முதலில் பலர் ஏற்கவில்லை, இன்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. இலைகளின் பசுங்கணிகத்துக்கும் இதே கதைதான். அது ஐந்து மீட்டர்.

ரைபோசோம் இரண்டிலிருந்து மூன்று சென்டிமீட்டர். புளியங்கொட்டைகளைத் தூவிவிடலாம், அளவும் கொஞ்சம் ஒத்துவரும். செல் சவ்வு ஏழெட்டு மில்லிமீட்டர் தடிமன். நாம் மாவில் போட்ட கோடு அதைவிடத் தடிப்பு, இதைச் சொல்லிவிடுங்கள். டி.என்.ஏ. இழை இரண்டு மில்லிமீட்டர் தடிமன். ஒரு மனித செல்லில் இருக்கிற டி.என்.ஏ. மொத்தத்தையும் முனையோடு முனை சேர்த்தால் நிஜத்தில் இரண்டு மீட்டர். தரைக்கணக்கில் இரண்டாயிரம் கிலோமீட்டர். திருநெல்வேலியில் ஒரு முனையைப் பிடித்தால் நேராகக் குவாலியர் பக்கம் போய் நிற்கும். அவ்வளவும் இந்த ஏழு மீட்டர் உட்கருவுக்குள் இருக்கிறது. ஈ.கோலையின் டி.என்.ஏ. அதன் இரண்டு மீட்டர் உடலுக்குள் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் கொஞ்சம் அதிகம்.

இப்போது போலியோ வைரஸ் அட்டையை எடுத்து ரைபோசோம் கொட்டைக்குப் பக்கத்தில் வையுங்கள். மூன்று சென்டிமீட்டர், மூன்று சென்டிமீட்டர். இந்த முறையில் எனக்கு மிகவும் முக்கியமான இடம் இதுதான். புரதம் செய்கிற ஒரே ஒரு இயந்திரம் எவ்வளவு பெரிதோ அவ்வளவுதான் வைரஸ் முழுவதுமே. அதற்குள் இயந்திரம் எதையும் வைக்க இடமில்லை. மரபுச் செய்தி எழுதிய கட்டளைச் சீட்டு மட்டும்தான் இருக்கிறது. அதனால்தான் அது செல்லுக்குள் போய்ச் செல்லின் ரைபோசோமைப் பயன்படுத்துகிறது. காய்ச்சல் வந்தால் வீட்டில் மிச்சமிருக்கிற ஆன்டிபயாடிக் மாத்திரையைத் தேடுகிற பழக்கம் நம் ஊரில் நிறைய. அமாக்ஸிசிலின் பாக்டீரியாவின் செல் சுவர் கட்டப்படுவதைத் தடுக்கிறது. அசித்ரோமைசினும் டாக்ஸிசைக்கிளினும் பாக்டீரியாவின் ரைபோசோமில் போய் ஒட்டுகின்றன. டெங்கு அட்டையைக் கையில் கொடுத்து "இதில் சுவர் எங்கே, ரைபோசோம் எங்கே?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வி வீடு வரைக்கும் போகும்.

அடுத்து ஒரு குச்சியை இருபது சென்டிமீட்டருக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். சாதாரண மைக்ராஸ்கோப் பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய தூரம் சுமார் 0.2 மைக்ரான், அதுதான் இந்தக் குச்சி. கண்ணுக்குத் தெரிகிற ஒளியின் அலைநீளம் தரைக்கணக்கில் நாற்பதிலிருந்து எழுபது சென்டிமீட்டர். அவ்வளவு பெரிய அலையை வைத்துக்கொண்டு ஐந்து சென்டிமீட்டர் டெங்குவின் உருவத்தைத் தடவிப் பார்க்க முடியாது, லென்ஸை எவ்வளவு நல்லதாகத் தேய்த்தாலும் சரி. குச்சியோடு மைதானத்தைச் சுற்றி வரச் சொல்லுங்கள். பாக்டீரியா குச்சியைவிடப் பெரிது, தெரியும். மைட்டோகாண்ட்ரியா தெரியும். ரைபோசோம் தெரியாது. வைரஸ்களில் பெரும்பாலானவை தெரியாது. வரலாறும் இதே வரிசையில்தான் நடந்தது. டச்சுக்காரர் லேவன்ஹுக் 1676இலேயே பாக்டீரியாவைப் பார்த்துவிட்டார். மணல் துகளை வைத்துத்தான் அவர் அளவு சொன்னார். வைரஸ் இருக்கிறது என்பதே 1890களில்தான் தெரியவந்தது, அதுவும் பார்த்து அல்ல. பாக்டீரியாவைத் தடுக்கிற பீங்கான் வடிகட்டியைப் புகையிலைத் தேமல் நோயின் சாறு தாண்டிவந்தும் நோயை உண்டாக்கியதை 1892இல் இவானோவ்ஸ்கி கண்டார், 1898இல் பெய்ஜரிங்க் கண்டார். ருஸ்காவும் க்னோலும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பை 1931இல் செய்துகாட்டிய பிறகு, 1939இல்தான் அந்த வைரஸின் உருவம் படமாகத் தெரிந்தது. தரையில் அது முப்பது சென்டிமீட்டர் நீளக் குச்சி, இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைந்த தடிமன்.

வெறுங்கண்ணின் எல்லை சுமார் 0.1 மில்லிமீட்டர், அதாவது நூறு மீட்டர். நம் கருமுட்டை அந்த எல்லையில் இருக்கிறது. வாய்க்கால் தண்ணீரில் நீந்துகிற ஒற்றைச் செல் உயிரி பாரமீசியம் இருநூறு, இருநூற்றைம்பது மீட்டர். திருநெல்வேலியில் 1843இல் திறந்த சுலோசன முதலியார் பாலம் சுமார் 230 மீட்டர். தாமிரபரணிக்குக் குறுக்கே அதில் நடந்துபோன பிள்ளைகளுக்கு அந்த நீளம் காலில் இருக்கிறது. மைதானத்துக்குள் அடங்காததை இப்படித் தெரிந்த தூரங்களில் சொல்லிவிடலாம், வரைய வேண்டியதில்லை.

நீளத்தை மட்டும் ஒப்பிட்டு நிறுத்திவிடாதீர்கள். சிவப்பணு ஈ.கோலையைப்போல நாலு மடங்கு என்று பிள்ளைகள் எழுதுவார்கள். குறுக்களவில் சரி. கொள்ளளவு பார்த்தால் சிவப்பணு சுமார் தொண்ணூறு கன மைக்ரான், ஈ.கோலை சுமார் ஒன்று. தொண்ணூறு மடங்கு. அதேபோல ஒரு மீட்டர்ப் பெட்டிக்குள் பத்து சென்டிமீட்டர்ப் பெட்டிகள் பத்து அல்ல, ஆயிரம் அடங்கும். எதை ஒப்பிடுகிறோம், நீளமா பரப்பா கொள்ளளவா என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் "இத்தனை மடங்கு" என்று எழுத வேண்டும்.

மைதானத்தில் வைத்த எண்களில் சிலவற்றைப் பிள்ளைகளே அளந்து பார்க்கலாம். மைக்ராஸ்கோப்பில் நாலு மடங்கு லென்ஸை வைத்து, ஸ்லைடுக்குப் பதிலாக ஒளி ஊடுருவுகிற பிளாஸ்டிக் ஸ்கேலை வையுங்கள். வட்டத்துக்குள் எத்தனை மில்லிமீட்டர் தெரிகிறது என்று எண்ணுங்கள். நாலரை என்று வைத்துக்கொள்வோம். நாற்பது மடங்கு லென்ஸுக்கு மாறினால் அதில் பத்தில் ஒரு பங்கு, 0.45 மில்லிமீட்டர், அதாவது 450 மைக்ரான் தெரியும். கன்னத்தின் உட்புறத்தைப் பல்குத்தும் குச்சியால் மெதுவாக வழித்து, மெத்திலீன் புளூ ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். குறுக்கே எட்டு செல் அடங்கும் என்று தோன்றினால் ஒன்று சுமார் 56 மைக்ரான். வெங்காயத்தில் உரித்த மெல்லிய தோலில் ஒன்றிரண்டு செல்தான் நீளவாக்கில் அடங்கும். புளித்த பதநீர் கிடைத்தால் ஒரு சொட்டு போடுங்கள்: ஈஸ்ட் முட்டை முட்டையாக, ஐந்து முதல் எட்டு மைக்ரான், சிலவற்றின் பக்கத்தில் மொட்டு விட்டிருக்கும். கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது இந்த ஈஸ்டை வளரவிடாமல் வைக்கத்தான். இரத்தத்துக்கு மட்டும் கடையில் வாங்கிய ஸ்லைடைப் பயன்படுத்துங்கள். பிள்ளைகள் விரலைக் குத்த வேண்டாம்.

விதிவிலக்குகளைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும். அமீபாவுக்குள் வாழ்கிற மிமிவைரஸை முதலில் பாக்டீரியா என்றே நினைத்திருந்தார்கள். 2003இல்தான் வைரஸ் என்று அறிவித்தார்கள். சுற்றியிருக்கிற இழைகளோடு முக்கால் மீட்டர். மைக்கோபிளாஸ்மா பாக்டீரியா முப்பது சென்டிமீட்டர் வரைக்கும் குறையும், ஆக ஒரு வைரஸ் ஒரு பாக்டீரியாவை விடப் பெரிதாக இருக்கலாம். மறுபக்கம், கரீபியன் தீவான குவாடலூப்பின் அலையாத்திக் காட்டில் கிடைத்து 2022இல் அறிவிக்கப்பட்ட தயோமார்கரிட்டா மேக்னிஃபிகா என்ற பாக்டீரியா நிஜத்திலேயே ஒரு சென்டிமீட்டர் நீளம், வெறுங்கண்ணுக்கு வெள்ளை நூலாகத் தெரியும். தரைக்கணக்கில் பத்துக் கிலோமீட்டர். அம்பாசமுத்திரத்திலிருந்து பாபநாசம் வரைக்கும் ஏறக்குறைய ஒரே பாக்டீரியா.

மைதானம் கிடைக்காதவர்கள் சார்ட் அட்டையில் ஒரு மைக்ரானுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வரையலாம். சிவப்பணு ஏழரை சென்டிமீட்டர், பாக்டீரியா இரண்டு, கொரோனா ஒரு மில்லிமீட்டர்ப் புள்ளி. ரைபோசோம் பேனா முனையைவிடச் சின்னது, வரைய முடியாது, அதை விட்டுவிடுங்கள்.

கைபேசியில் வருகிற எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படங்களையும் இதே கையோடு அளக்கப் பழக்குங்கள். அந்தச் சிவப்பும் பச்சையும் பிறகு பூசியது. எலக்ட்ரான் படத்தில் நிறம் கிடையாது. "நாற்பதாயிரம் மடங்கு" என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம், திரை மாறினால் மடங்கும் மாறும். மூலையில் இருக்கிற அளவுக் கோட்டைப் பாருங்கள். கோட்டுக்கு 500 நானோமீட்டர் என்று போட்டிருந்து, திரையில் அது 20 மில்லிமீட்டர் இருந்து, வைரஸ் 4 மில்லிமீட்டர் இருந்தால், 4ஐ 20ஆல் வகுத்து 500ஆல் பெருக்குங்கள்: 100 நானோமீட்டர். ஒன்றை மட்டும் அளந்து முடிவு சொல்லாதீர்கள். மெல்லிய சீவலாக வெட்டி எடுத்த படம் என்றால் உருண்டையின் ஓரத்தில் வெட்டுப்பட்டவை சிறிதாகத் தெரியும். உலர்த்தும்போதும் கொஞ்சம் சுருங்கும். பத்துப் பதினைந்தை அளந்து, அவற்றில் பெரியவை எந்த அளவில் கூடுகின்றன என்று பார்த்து எழுதுங்கள். படத்தில் அளவுக் கோடே இல்லையென்றால் அதை அளக்க எடுக்காதீர்கள். கோடு போட்ட வேறு படத்தைத் தேடுங்கள்.